சதுரங்கப் பலகை நிறைய ராகி: 18446744073709551615 எதால் எல்லாம் வகுபடும்?

கேள்வி: காவேரிப்பட்டணம் வாசகர், 3 ஜூன் 2024, மாலை 6.15

ஏழாவது படிக்கும் மகளுக்கு சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவன் ராஜாவிடம் தானியம் பரிசு கேட்ட அந்தச் சதுரங்கக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் கட்டத்தில் ஒரு தானியம், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நாலு, இப்படி 64 கட்டம். மொத்தம் எவ்வளவு என்று போனில் போட்டால் 18446744073709552000 என்கிறது. கடையில் இருக்கும் கம்ப்யூட்டரில் எக்செல் 18446744073709600000 என்கிறது. நூலகத்துப் புத்தகத்தில் 18446744073709551615. மூன்றில் எது சரி? மூன்று சைபரில் முடிந்தால் 8ஆல் வகுபடும் என்று அவளிடம் சொல்லி, அவளும் நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒருவேளை 5இல் முடிகிற எண்தான் சரி என்றால், அது வேறு எதால் எல்லாம் வகுபடும்? இவ்வளவு பெரிய எண்ணை யாராவது கையால் உடைத்துப் பார்த்திருக்கிறீர்களா அண்ணா?

3 ஜூன், இரவு 9.50

புத்தகம்தான் சரி. நோட்டில் எழுதியதை அடிக்கச் சொல்லுங்கள்.

போன் என்ன காட்டினாலும், இந்த எண் ஒற்றைப்படை என்று கணக்கே போடாமல் சொல்லலாம். முதல் கட்டத்தில் ஒரே ஒரு தானியம், மற்ற 63 கட்டத்திலும் இரட்டைப்படை. இரட்டையை எத்தனை முறை கூட்டினாலும் இரட்டை, அதோடு ஒன்று சேர்ந்தால் ஒற்றை. முடிந்தது. 8ஆல் வகுபடவே வழியில்லை.

கடைசி இலக்கமும் அப்படித்தான். 2, 4, 8, 16, 32, 64 என்று போனால் கடைசி இலக்கம் 2, 4, 8, 6, மறுபடி 2, 4, 8, 6. நாலு நாலாகச் சுற்றுகிறது. 64 நாலின் மடங்கு, அதனால் 2⁶⁴ முடிவது 6இல். மொத்தத் தானியம் அதில் ஒன்று குறைவு, ஆக 5.

போன் ஏன் பொய் சொல்கிறது? பொய் என்று சொல்ல முடியாது, அதன் பையில் இடம் அவ்வளவுதான். பெரும்பாலான செயலிகள் ஒரு எண்ணை 53 ஈரடிமான (0, 1 மட்டும் வரும்) இலக்கத்துக்குள் அடக்குகின்றன. 9007199254740992 வரை எல்லா முழு எண்ணும் தப்பாமல் நிற்கும், அதைத் தாண்டினால் ஒற்றைப்படை எண்களுக்கே அங்கே இடம் கிடையாது, பக்கத்தில் இருக்கும் இரட்டைக்குத் தள்ளிவிடும். எக்செல் இன்னும் சிக்கனம், 15 இலக்கத்தோடு நிறுத்திவிட்டு மீதியை சைபரால் நிரப்பும்.

நம் முறையில் எழுதினால்: 1,84,467 கோடி கோடியே 44,07,370 கோடியே 95,51,615.

இலக்கங்களைக் கூட்டினால் 87 வரும். 87 மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. ஆக 3, 5 இரண்டும் உறுதி. மீதி நாளைக்கு, மில்லில் இன்னும் ரெண்டு மூட்டை நிற்கிறது.

3 ஜூன், இரவு 11.20

தூக்கம் வரவில்லை. மேலே “ஒன்று குறைவு” என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன், ஏன் என்று மகள் கேட்பாள். பலகையில் ராகியை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் ஒரே ஒரு ராகி கடன் வாங்கி முதல் கட்டத்தில் போடச் சொல்லுங்கள். அங்கே இப்போது இரண்டு. அதை அள்ளி இரண்டாம் கட்டத்தில் கொட்டினால் அங்கே நாலு. அதை அள்ளி மூன்றாவதில் கொட்டினால் எட்டு. இப்படியே தள்ளிக்கொண்டு போனால் 64ஆவது கட்டத்தில் 2⁶⁴ நிற்கும், மற்ற எல்லாம் காலி. கடனைத் திருப்பிக் கொடுத்தால் 2⁶⁴ − 1.

4 ஜூன், காலை 7.05

ராகியை வைத்தே பேசுகிறோம், எடை தெரியாமல் பேசலாமா. காலையில் எழுந்ததும் தட்டில் ஒரு பிடி போட்டு, பழைய விசிட்டிங் கார்டு ஓரத்தால் பத்துப் பத்தாக ஒதுக்கி ஆயிரம் எண்ணினேன். எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், ராகி உருண்டை, மூச்சு விட்டால் ஓடும். 400 வந்தபோது ஃபேன் போட்டுவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்து. நகைக்கடைத் தராசு இருக்கிறது (அது ஏன் மாவு மில்லில் இருக்கிறது என்பது தனிக் கதை), அதில் ஆயிரம் ராகி 2.6 கிராம்.

அந்தக் கணக்கில் மொத்தப் பலகைக்கும் ஏறக்குறைய 4.8 கோடி டன். நாடு முழுக்க ஒரு நல்ல ஆண்டில் விளையும் ராகி இருபது லட்சம் டன் பக்கம். 24 ஆண்டு விளைச்சல். கதையில் ராஜா மயங்கி விழுந்தார் என்கிறார்கள், 24 ஆண்டு தவணை கேட்டிருக்கலாம்.

5 ஜூன், இரவு 8.30

நேற்றைய எடையில் ஏதோ உறுத்துகிறது, அப்புறம் பார்க்கிறேன். முதலில் கேள்விக்கு வருவோம்: எதால் எல்லாம் வகுபடும்?

20 இலக்க எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு 7ஆல் போகுமா, 11ஆல் போகுமா என்று வகுக்க ஆரம்பித்தால் ஆடி மாதம் ஆகிவிடும். பலகையைப் பாருங்கள், அதுவே சொல்லும்.

முதல் வரிசையில் எட்டுக் கட்டம், 255 ராகி. விரல் நுனியில் ஒட்டும் அளவு, ஒரு கிராம்கூட இல்லை. இரண்டாம் வரிசையில் ஒவ்வொரு கட்டமும் தனக்கு நேர் மேலே உள்ள கட்டத்தைப் போல 256 மடங்கு. அப்படியானால் இரண்டாம் வரிசை மொத்தமும் 255 × 256. முதல் வரிசையையும் சேர்த்தால் 255 × 257. அதாவது 65535, எடையில் 170 கிராம், ஒரு டம்ளர்.

அதே விளையாட்டை இப்போது இரண்டு இரண்டு வரிசையாக ஆடலாம். முதல் இரண்டு வரிசை 65535. அடுத்த இரண்டு அதைப் போல 65536 மடங்கு. நாலு வரிசையும் சேர்ந்து 65535 × 65537 = 4294967295. இது பாதிப் பலகை. எடை 11 டன் சொச்சம், ஒரு லாரி லோடு. மூன்று வரிசை முடியும்வரை 43 கிலோதான், தலையில் தூக்கிவிடலாம். நாலாவது வரிசை முடிந்தால் லாரி வேண்டும்.

கடைசியாக பாதிப் பலகையை வைத்து: முழுப் பலகை = 4294967295 × 4294967297. அதாவது மேல் பாதி ஒரு லாரி என்றால், முழுப் பலகை 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் லாரி. லாரிக்குப் பத்து மீட்டர் வைத்து தொப்பூர் கணவாயில் வரிசை கட்டினால் நிலாவுக்கு 55 தடவை போய்வந்த பிறகும் வால் மிச்சம் இருக்கும். கணவாய் இப்போதே தாங்கவில்லை.

இங்கேதான் நேற்றைய தப்பு பிடிபட்டது. 11 டன், அது 429 கோடி முறை என்றால் 4,700 கோடி டன்னுக்கு மேல் வரவேண்டும். நான் எழுதியது 4.8 கோடி. மில்லிகிராம், கிராம், கிலோ, டன் என்று ஏறும்போது ஒரு ஆயிரத்தைக் கூடுதலாக வகுத்திருக்கிறேன். சரியானது 4,796 கோடி டன். 24 ஆண்டு இல்லை, 24 ஆயிரம் ஆண்டு. ராஜா மயங்கியது சரிதான்.

சரி, காரணிகள். 255ஐ எட்டுக் கட்டத்துக்குள் இதே மாதிரி உடைத்தால் 3 × 5 × 17. ஆக மொத்தம்:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

ஆறு பகா எண்கள், ஒன்றுகூட இரண்டு முறை வரவில்லை. ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம், ஆக மொத்தக் காரணிகள் 2 × 2 × 2 × 2 × 2 × 2 = 64. கட்டமும் 64, காரணியும் 64! இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? சும்மா சொல்லவில்லை, சின்னதாகப் பண்ணிப் பாருங்கள். ஒரு கட்டம்: 1 ராகி, காரணி 1. இரண்டு கட்டம்: 3, காரணி 2. நாலு கட்டம்: 15, காரணி 4. எட்டுக் கட்டம்: 255, காரணி 8. பதினாறு கட்டம்: 65535, காரணி 16. முப்பத்திரண்டு கட்டம்: 4294967295, காரணி 32. ஒவ்வொரு தடவையும் கட்டமும் காரணியும் ஒன்றே.

5 ஜூன், இரவு 10.10

அடச்சே. மேலே எழுதிய கடைசிப் பத்தி தப்பு. 4294967297 பகா எண் கிடையாது. இது எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும், தெரிந்தும் எழுதியிருக்கிறேன். 64க்கு 64 என்ற பொருத்தம் கண்ணை மறைத்துவிட்டது. அழிக்கவில்லை, இருக்கட்டும், எப்படி ஏமாறுகிறோம் என்று அந்தப் பெண் பார்க்கட்டும். விவரம் நாளைக்கு.

6 ஜூன், மதியம் 2.40

கரண்ட் இல்லை, மில் ஓடவில்லை, நேரம் கிடைத்தது. சொல்கிறேன்.

1993இல் நான் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். வகுப்பில் ஃபெர்மா எண்கள் வந்தன: 3, 5, 17, 257, 65537. ஒவ்வொன்றும் முந்தையதில் ஒன்றைக் கழித்து, வர்க்கமாக்கி, ஒன்றைக் கூட்டினால் வருவது. ஐந்தும் பகா எண்கள். ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித மேதை 1640இல் இதைப் பார்த்து, இந்த வரிசையில் வருவது எல்லாமே பகா எண்தான் என்று நம்பினார். ஆறாவது எண்தான் நம் 4294967297. ஆசிரியர், “இது பகா எண்ணா இல்லையா, திங்கட்கிழமை சொல்லு” என்றார்.

என்னிடம் இருந்தது எட்டு இலக்கக் கால்குலேட்டர். பத்து இலக்கம் அதில் ஏறாது. அப்பாவின் வரவு செலவு நோட்டில் கோடு போட்டு, பேனாவால் நீள்வகுத்தல். 7, 11, 13 என்று வரிசையாக. ஒரு எண்ணுக்கு ஒரு அரைப் பக்கம். சனிக்கிழமை ராத்திரி 300ஐத் தாண்டினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 613. மீதி வந்தது. கை வீங்கியிருந்தது. 112 பகா எண்களால் போகாத எண் இனிமேலா போகப்போகிறது என்று நோட்டை மூடிவிட்டேன்.

திங்கட்கிழமை, “பகா எண் சார்” என்றேன். எங்கே நிறுத்தினாய் என்று கேட்டார். 613 என்றேன். அவர் சிரிக்கவில்லை. கரும்பலகையில் 617, 619, 631, 641 என்று எழுதி கடைசி எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார்.

641 × 6700417 = 4294967297.

நாலே நாலு எண். இன்னும் ரெண்டு பக்கம். அந்த நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது, 613க்குக் கீழே கோடு போட்டு “முடிந்தது” என்று எழுதியிருக்கிறேன்.

அதனால் சரியான விடை:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு பகா எண்கள். காரணிகள் 128. ஒன்று, இரண்டு, நாலு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு வரை கட்டத்தோடு கைகோத்து வந்த காரணி, 64இல் கையை உதறிவிட்டு இரட்டிப்பாகிவிட்டது. இதுவரை சரியாக வந்தது அடுத்த தடவையும் வரும் என்று ஃபெர்மா நம்பினார், நான் 1993இல் நம்பினேன், நேற்று ராத்திரி எட்டரை மணிக்கும் நம்பினேன்.

6 ஜூன், மாலை 5.15

பென்னாகரத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: “641 என்றால் கோயம்புத்தூர் பின்கோடு ஆயிற்றே?” ஆமாம். அப்படிப் பார்த்தால் நான் நிறுத்திய 613 தஞ்சாவூர். 631 காஞ்சிபுரம். தஞ்சாவூரில் இறங்கித் தூங்கிவிட்டு கோயம்புத்தூர் இல்லவே இல்லை என்று சாதித்திருக்கிறேன்.

6 ஜூன், இரவு 9.00

பின்கோடு பேச்சு வந்ததால் கை சும்மா இருக்கவில்லை. தர்மபுரி 636701. பகா எண்ணாக இருக்கும் போலத் தெரிகிறது, இல்லை: 13 × 17 × 43 × 67. கிருஷ்ணகிரி 635001 = 3 × 17 × 12451. இரண்டுக்கும் பொதுவாக 17. 2004இல் மாவட்டத்தைப் பிரித்தார்கள், 17ஐப் பிரிக்க முடியவில்லை. நம் ராகி எண்ணுக்குள்ளும் அதே 17 இருக்கிறது. இதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது, 17 எண்ணுக்கு ஒரு எண் 17ஆல் வகுபடத்தான் செய்யும். சும்மா சந்தோஷத்துக்கு.

8 ஜூன், காலை 6.30

ஓசூர் பக்கத்து நண்பர் ஒருவர் நன்றாகத் திருத்தினார். 112 எண்களால் வகுத்தது வீண் வேலை, இரண்டே இரண்டு போதும் என்கிறார். சரிதான். 4294967297ஐ ஒரு பகா எண் வகுக்க வேண்டுமானால் அந்தப் பகா எண் 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும் என்பது ஆய்லர் கண்டது. அவர்தான் 1732இல் 641ஐ வெளியே சொன்னவர். பிறகு 1878இல் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் அதை இறுக்கி, 64 போதாது, 128இன் மடங்கு கூட்டல் ஒன்று என்றார். 129 மூன்றால் போகும். 257 பகா எண். 385 ஐந்தால் போகும். 513 மூன்றால் போகும். 641. அவ்வளவுதான்: 257ஆல் ஒரு தடவை, 641ஆல் ஒரு தடவை. இரண்டு வகுத்தல். ஒரு டீ ஆறுவதற்குள்.

இதை அன்றைக்கு ஒருவர் சொல்லியிருந்தால் என் ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும். ஆனால் சொல்லியிருந்தால் 641 எனக்கு மறந்தும் போயிருக்கும்.

இதே சல்லடையால் 6700417 பகா எண்தான் என்பதையும் கையால் உறுதி செய்யலாம். அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதற்குள் 128இன் மடங்கு கூட்டல் ஒன்றாக இருக்கும் பகா எண்கள் ஐந்தே ஐந்து: 257, 641, 769, 1153, 1409. நேற்று ராத்திரி பென்சிலால் வகுத்தேன். மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றிலும் சைபர் வரவில்லை. இந்தத் தடவை கோட்டுக்குக் கீழே “முடிந்தது” என்று எழுதுமுன் ஒருமுறைக்கு இருமுறை பார்த்தேன்.

8 ஜூன், காலை 6.55

641 ஏன் என்று வகுக்காமலே பார்க்கும் ஒரு வழியும் இருக்கிறது, எழுதாமல் இருக்க மனசு வரவில்லை.

641ஐ இரண்டு விதமாக எழுதலாம். 640 + 1, அதாவது 5 × 2⁷ + 1. அப்புறம் 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. முதல் வடிவத்திலிருந்து, 641ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்த்தால் 5 × 2⁷ என்பது −1க்குச் சமம். அதை நாலாம் அடுக்குக்கு ஏற்றினால் 5⁴ × 2²⁸ என்பது 1க்குச் சமம். இரண்டாம் வடிவத்திலிருந்து 5⁴க்குப் பதில் −2⁴ போடலாம். போட்டால் −2³² என்பது 1. அப்படியானால் 2³² + 1க்கு மீதி சைபர். பத்து இலக்கத்தை எங்கேயும் எழுதவே இல்லை பாருங்கள். காகிதமே வேண்டாம், பஸ்ஸில் நின்றுகொண்டே செய்யலாம்.

மகளுக்கு இது கொஞ்சம் சீக்கிரம். பத்தாவது வரட்டும்.

9 ஜூன், இரவு 10.30

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: வகுபடுவது சரி, வகுபடாததைச் சொல்ல வழி உண்டா, 7ஆல் வகுத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று மகள் கேட்கிறாளாம். உண்டு. 8ஐ 7ஆல் வகுத்தால் மீதி 1. 8 என்பது 2³. 2⁶³ என்பது 8ஐ 21 முறை பெருக்கியது, ஒவ்வொரு தடவையும் மீதி ஒன்று, ஆக 2⁶³க்கும் மீதி 1. 2⁶⁴க்கு 2. ஒன்றைக் கழித்தால் 1. ஏழு பங்காளிகள் பலகை ராகியைப் பிரித்துக்கொண்டால் கடைசியில் ஒரே ஒரு ராகி மிஞ்சும், அதற்குத்தான் சண்டை வரும். 11 பேர் என்றால் 4 மிஞ்சும், 13 பேர் என்றால் 2. இது இரண்டையும் அவளே பண்ணிப் பார்க்கட்டும். துப்பு: 11க்கு 2¹⁰, 13க்கு 2¹².

ரேஷன் கணக்கும் ஒன்று. 2023இல் தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்களே, அந்த இரண்டு கிலோவைப் பலகையில் வைத்தால் எத்தனையாவது கட்டத்தில் தீரும்? 19 கட்டத்துக்கு 1.36 கிலோ. இருபதாவது கட்டத்துக்கு மட்டுமே இன்னொரு 1.36 கிலோ வேண்டும். ஆக இருபதாவதில் பாதியில் நிற்கும்.

11 ஜூன், இரவு 9.20

5ஆம் தேதி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், “அப்படியானால் எவ்வளவு பெரிய எண்ணானாலும் பலகையை மடித்து மடித்து உடைத்துவிடலாம்” என்று எழுதியிருக்கிறார். என் எழுத்து அப்படி ஒரு எண்ணத்தைக் கொடுத்திருந்தால் அது என் தப்பு. இந்த எண் உடைந்ததற்குக் காரணம் அதன் பிறப்பு. பாதிக்குப் பாதி மடிகிற மாதிரி செய்யப்பட்ட எண், மடித்தால் மடிகிறது. அளவு ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டைப் பாருங்கள். நம் எண்ணோடு இரண்டைக் கூட்டினால் 2⁶⁴ + 1, அதாவது 18446744073709551617. கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு. அது 7வது ஃபெர்மா எண். மடிப்பு எதுவும் வேலை செய்யாது. நம் எண்ணின் ஏழு காரணிகளில் ஒன்றுகூட அதற்குப் பொருந்தாது, ஏனென்றால் இரண்டையும் வகுக்கிற எண் அவற்றின் வித்தியாசமான 2ஐயும் வகுக்க வேண்டும், இரண்டுமோ ஒற்றைப்படை. (ஃபெர்மா எண்கள் எல்லாமே இப்படி ஒன்றோடொன்று காரணியைப் பகிராதவை. 1730இல் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. நம் எண்ணில் எந்தப் பகா எண்ணும் இரண்டு முறை வராததற்கு இதுவும் ஒரு காரணம்.)

அந்தப் பக்கத்து எண்ணை 1880இல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் உடைத்து வெளியிட்டார்: 274177 × 67280421310721. அப்போது அவருக்கு வயது 82. மெஷின் கிடையாது. 613இல் கை வீங்கி நோட்டை மூடிய இருபது வயசுப் பையனை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதற்கு அடுத்த ஃபெர்மா எண், 39 இலக்கம், 1970 வரை காத்திருந்தது, அதுவும் கம்ப்யூட்டரோடு. வரிசையில் இன்னும் மேலே போனால், பகா எண் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தும் ஒரு காரணிகூட இதுவரை யார் கையிலும் சிக்காத எண்கள் இருக்கின்றன. 2இன் அடுக்கில் 2²⁰ஐ வைத்து ஒன்றைக் கூட்டினால் வருவது அப்படிப்பட்டது. வீட்டுக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று தெரியும், கதவு திறக்கவில்லை.

12 ஜூன், காலை 5.50

இன்னொரு விஷயம் விட்டுவிட்டேன். பாதிப் பலகை எண் 4294967295க்கு (அந்த ஒரு லாரி) 1ஐ விட்டுவிட்டால் 31 காரணிகள்: 3, 5, 15, 17, 51, 85, 255, 257 என்று தொடங்கி 4294967295 வரை. இந்த 31 எண்களுக்கும் ஒரு தனி மரியாதை உண்டு. அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து, ஒற்றைப்படை எண்ணிக்கையில் பக்கங்கள் உள்ள ஒழுங்கு வடிவம் வரைய முடியும் என்று நாம் அறிந்தவை இந்த 31தான். 17 பக்கத்தை காஸ் 1796இல், 18 வயதில் கண்டுபிடித்தார். 7 பக்கம் முடியாது, 9 முடியாது, 11 முடியாது, ஆனால் 17 முடியும். முடியாதவை ஏன் முடியாது என்பதை வாண்ட்செல் 1837இல் முடித்துவைத்தார். 65537 பக்க வடிவத்துக்கு வழிமுறை எழுதவே ஹெர்மஸ் என்பவர் பத்து வருஷம் செலவழித்து, ஒரு பெட்டி நிறையக் காகிதம் விட்டுப் போயிருக்கிறார். வரைந்தாலும் கண்ணுக்கு வட்டமாகத்தான் தெரியும்.

ஒற்றைப்படை என்று குறிப்பாகச் சொன்னேன், ஏனென்றால் பக்கத்தை இரட்டிப்பது சுலபம், அதைச் சேர்த்தால் கணக்கே இல்லாமல் போகும்.

14 ஜூன், இரவு 8.45

காவேரிப்பட்டணத்துப் பெண் பலகையில் நிஜமாகவே ராகி வைத்துப் பார்த்தாளாம். எட்டாவது கட்டம், 128 ராகி, அடங்கியது. பதினொன்றாவதில் 1024, குவித்து வைத்தாளாம். பன்னிரண்டாவதில் 2048, ஐந்து கிராம் சொச்சம், சரிந்து பக்கத்துக் கட்டத்து ராகியோடு கலந்துவிட்டது, எது யாருடையது என்று தெரியவில்லை என்று அப்பா எழுதியிருக்கிறார். அவள் அதற்கு மேல் எண்ணவில்லை, ஆனால் 11க்கு மீதி 4 என்பதைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள். 13க்கும் கேட்டேன். 2 என்று வந்தது.

அப்புறம் ஒருவர், ஆயிரம் ராகியை ஒரே தடவை எண்ணி 2.6 கிராம் என்று எப்படி நம்புவது, இன்னொரு தடவை எண்ணிப் பாருங்கள் என்றார். நியாயம்தான். எண்ணி வைத்த அந்த ஆயிரத்தை ஒரு பழைய மாத்திரை டப்பாவில் போட்டு தராசுப் பக்கம் வைத்திருந்தேன். இன்று தேடினால் டப்பா காலி. வீட்டில் கேட்டேன். “ஒரு பிடிகூட இல்லை, அதை எதுக்கு டப்பாவில் வெச்சிருந்தீங்க” என்று மூட்டையிலேயே கொட்டிவிட்டார்கள். நாளைக் காலையில் மறுபடி எண்ணுகிறேன், ஃபேனை நிறுத்திவிட்டு.